கோலமாவில் போட்ட பட்டறை

தொண்ணூறுகளின் நடுவில், மழைக்காலம் முடிந்த கையோடு, துடியலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் கணவருக்காக ஒரு பட்டறை கட்டினோம். கட்டினோம் என்பதைவிட அதை வைத்து அடித்துக்கொண்டோம் என்பதுதான் சரி. சின்ன இடம், நாலு சுவர், மேலே ஓடு. அதற்கு நான் போட்ட சத்தம் மேட்டுப்பாளையம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் மேஸ்திரி. மோட்டாரோ வால்வோ, எந்த வார்ப்பாக இருந்தாலும் முதலில் அதை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மரத்தை மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மரந்தான் பேட்டர்ன். தேக்கை இழைத்து அவர் செய்த பேட்டர்னைத் தடவிப் பார்த்தால் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். வேலை முடிந்து மொபெட்டில் வந்துகொண்டிருந்தவரை ஒரு லாரி தட்டிவிட்டுப் போனது. உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வு ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். வீட்டில் அதை வண்டி என்போம். வாசலுக்குப் போக நான் தள்ள வேண்டும், குளிக்கப் போக நான் தள்ள வேண்டும், பேப்பர் படிக்க வெளிச்சத்துக்குப் போகவும் நான்தான். வீட்டில் எங்கே பார்த்தாலும் படி, நிலை, மேடு. அவர் கைகள் இரண்டும் இரும்பு. சக்கரத்தை அவரே உருட்டுவார். ஆனால் உருட்டிப் போக ஒரு இடம் வேண்டுமே. "அம்மணி" என்று கூப்பிடுவார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு அதைவிட அதிகமாக எரியும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "பின்னால ஒரு பட்டறை போட்டுக்கலாம் அம்மணி. பவுண்டரிக்காரங்க டிராயிங்கக் கொண்டாந்து குடுத்தா இங்கயே செஞ்சு குடுத்துருவேன். ஆனா ஒண்ணு. காத்தால நானாத்தான் போவணும், பொழுதோட நானாத்தான் வரணும். தள்ளறதுக்கு நீ வரக்கூடாது."

"அப்பாடா, எப்போன்னு சொல்லுங்க மாமா" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் நிஜமாகவே எனக்கு அது வேண்டியிருந்தது. அவருக்குத் தன் காரியத்துக்குத் தானே போக வேண்டும். எனக்கு என் கை எனக்கு வேண்டும். அந்தப் பட்டறையில் எங்கள் இரண்டு பேர் பிழைப்பும் இருந்தது.

திட்டம் போட்டது நான். காகிதத்தில் இல்லை, மண்ணில். அடுக்களைச் சுவருக்கும் பின்பக்கக் காம்பவுண்டுக்கும் நடுவில் பதினாலரை அடி இருந்தது. ஜாக்கெட் தைக்கிற என் டேப்பை மடித்து மடித்து வைத்து அளந்தேன். கோலமாவால் சுவர்களை வரைந்தேன், பட்டறை மேசையை வரைந்தேன், கடைசல் மெஷினுக்கு ஒரு கட்டம் போட்டேன். அவர் வண்டியோடு உள்ளே போய் ஒரு சுற்று திரும்பிப் பார்ப்பார். சக்கரம் கோட்டை அழித்தால் கோட்டை நகர்த்துவேன். மேசைக்கு அடியில் முழங்கால் போக வேண்டும், உளிகள் எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும், வெளிச்சம் வடக்கிலிருந்து விழ வேண்டும், ஓட்டுக்கு நடுவில் ரெண்டு கண்ணாடி ஓடு. இத்தனையும் பன்னிரண்டு அடிக்குள் அடங்கியது. அதற்குக் குறைந்தால் வண்டி திரும்பாது. மிச்சம் இரண்டரை அடி, அடுக்களைச் சுவரை ஒட்டிய சந்து. ஒரு பக்கம் கிணறும் இன்னொரு பக்கம் செப்டிக் டேங்கும் இருந்ததால் அந்தச் சந்து ஒன்றுதான் வழி. சக்கரத்தைப் பிடித்த அவர் கைமுட்டி இரண்டு பக்கமும் சுவரில் உரசாமல் போக அது போதும், அளவெடுத்த மாதிரி. போய்ப் பார்த்தார். போனார், வந்தார்.

"பரவால்லயே, என்ஜினியரம்மா" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் என்னை முதன்முதலாகக் கிண்டல் செய்தது அன்றுதான்.

வேலை ஆரம்பித்த அன்று கொத்தனார் வந்து என் கோலமாவுக் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். இவரும் சேர்ந்துகொண்டார். "ரெண்டு விரல் தடிமனுக்குக் கோடு போட்டு வெச்சிருக்கா. இத நம்பிச் செவுரு கட்டுனா வெளங்குமா? என்ற கோல்ல அளங்க. டேப்பெல்லாம் தொங்கும்." பவுண்டரியிலிருந்து வந்த தன் கருவிப் பெட்டியைத் திறந்து, ஒரு தேக்கு ரீப்பர் சட்டத்தில் ஸ்கேலை வைத்துக் கத்தி முனையால் அடியும் அங்குலமும் கீறி, அவரே செய்த கோல் அது. மெத்தென்று இழைத்து, முனைகளுக்குத் தகடு அடித்திருந்தார். கொத்தனார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காம்பவுண்டிலிருந்து பன்னிரண்டு அடி அளந்து நூல் கட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு டீ போடப் போனேன்.

கதவு நிலை வைக்கும்போது இன்னொரு ரகளை. என் கணவரின் அக்கா, நான் நங்கையா என்று கூப்பிடுபவர், மஞ்சளும் நவதானியமும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கீழ்ப்படி இல்லாத நிலையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "வாசப்படியே இல்லாம நெலவு வெப்பாங்களா? லச்சுமி எங்க கண்ணு நிப்பா?" என்றார். "அவ நிக்கறதுக்குப் படி வெச்சா உங்க தம்பி வெளியவே நிக்கோணும் நங்கையா" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சந்து முழுக்கச் செங்கல்லும் மணலும் மதுக்கரை சிமெண்டு மூட்டையும் அடைந்து கிடந்ததால் சுவர் எழும்பி, ஓடு மேய்ந்து, பூச்சு முடிகிறவரை அது எவ்வளவு அகலம் என்று யாருக்கும் தெரியவில்லை. பால் காய்ச்சுகிற அன்றைக்குக் காலையில்தான் எல்லாவற்றையும் அள்ளிக் கழுவிவிட்டோம். அவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். "யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவரே உருட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார்.

வண்டி நுழைந்தது. கை நுழையவில்லை. சக்கரத்தைப் பிடித்த விரல் முட்டிகள் புதுப்பூச்சில் தேய்ந்தன. கையை எடுத்தால் வண்டி நின்றது, வைத்தால் தோல் உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு தள்ளு தள்ளினார். வெள்ளைச் சுவரில் இரண்டு பக்கமும் ரத்தம். அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து நான்தான் தள்ளி உள்ளே கொண்டுபோனேன். வீட்டுக்குள் தள்ளினதை விட்டு இனிச் சந்துக்குள் தள்ள வேண்டியதுதான் என்று நினைத்தபோது ஓவென்று அழத் தோன்றியது.

நங்கையா கொத்தனாரைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு தெரியாதவன்கிட்ட வேலையக் குடுத்தா இப்படித்தான். கண்ண எங்க வெச்சுட்டுக் கட்டுன நீ?" அந்த மனிதர் மூஞ்சியில் ஈயாடவில்லை. நங்கையா பால் பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போனதும் மெல்லச் சொன்னார்: "அண்ணன் கோல்லதானுங்க்கா அளந்தேன். ஒரு நூலு தப்பலீங்க."

நான் போய் என் டேப்பைக் கொண்டுவந்து கோலுக்குப் பக்கத்தில் விரித்தேன். கோலின் ஒவ்வொரு அடியும் டேப்பின் அடியைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டது. அடிக்குக் கால் அங்குலம். பன்னிரண்டு அடிக்கு மூன்று அங்குலம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது.

உருக்கிய எஃகு ஆறும்போது சுருங்குமாம். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருக்க, அந்தச் சுருக்கத்தையும் சேர்த்து நீட்டின ஸ்கேல் ஒன்று மேஸ்திரிகளிடம் இருக்கும். எஃகு ஸ்கேல் என்பார்கள்; ஓர் அடி என்று எழுதியிருக்கும், ஆனால் ஓர் அடிக்கு மேலே. பெட்டியில் சாதா ஸ்கேலும் இருந்தது. கோல் கீறும்போது பழக்கத்தில் கை எஃகு ஸ்கேலை எடுத்திருக்கிறது.

"எத அளந்தாலும் ஆறுனதுக்கப்பறம் சுருங்கும்னு அளந்தே பழகிப்போச்சு அம்மணி" என்றார். "செங்கல்லு சுருங்காதுன்னு தோணவே இல்ல."

அவர் பாவமாகச் சொன்னார். எனக்கோ தலைக்கு ஏறிவிட்டது. "அட கருமமே! என்ற கோலமாவுக் கோடு செரியாத்தான இருந்துச்சு! ரெண்டு விரல் தடிமன்னு சிரிச்சீங்களே ரெண்டு பேரும்! இப்ப ஆருங்க தள்றது? நான்தான? சாவற வரைக்கும் நான்தான?" என்று கத்தினேன். நல்ல நாளில் பேசுகிற பேச்சா அது.

சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்டிவிடலாம் என்றார் கொத்தனார். ஓட்டுக்கு முட்டுக் கொடுத்தால் போதும். என் கணவர் வேண்டவே வேண்டாம் என்றார். "எதுக்கு இடிக்கறீங்கன்னு நாளைக்குக் கேப்பாங்க. மேஸ்திரிக்குக் காலோட சேந்து அளவும் போயிருச்சும்பாங்க. அளவு போனவன்கிட்ட எவன் டிராயிங் குடுப்பான்?"

கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "நான் தப்பாக் கட்டிப்போட்டேன்னே இருக்கட்டுமுங்ணா. உங்கக்காவும் அப்படித்தான சொல்லீட்டுப் போறாங்க."

என் கணவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. "அடுத்தவங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டு நீங்க உருட்டீட்டுப் போவீங்களா? உள்ளதச் சொல்லுங்க மாமா" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே இடிக்கத் தொடங்கினார்கள். கொத்தனார் வேலையைக் கெடுத்துவிட்டார் என்று நங்கையா தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

பாதிச் சுவர் இறங்கியிருந்தபோது கருமத்தம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பவுண்டரி முதலாளி வந்தார். பெரிய வால்வுக்கான டிராயிங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். எங்களுக்கு வந்த முதல் வேலை அது. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காப்பி கலக்க ஓடினேன். திரும்பி வரும்போது அவர் கொத்தனாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "எந்த ஊருங்க நீங்க? இப்படித்தான் எல்லாப் பக்கமும் கட்டறீங்களா? என்ற பவுண்டரி செட்டு வேலைக்கு உங்களத்தான் சொல்றதா இருந்தனுங்க. நல்லவேளை, கண்ணால பாத்தேன்." கொத்தனார் முகமெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அவர் மேல தப்பில்லீங்க" என்றார் என் கணவர். "என்ற கோலுதான். எஃகு ஸ்கேல்ல அளந்துபோட்டனுங்க."

முதலாளி இடிந்த சுவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பவுண்டரி நடத்துகிறவர், விளக்கம் சொல்லவே வேண்டியதில்லை. "அப்படீங்களா" என்றார். காப்பியைக் குடித்து முடித்தார். உடம்பைப் பற்றி மரியாதையாக விசாரித்தார். எழுந்து டிராயிங்கை மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பாத்துட்டுச் சொல்லியனுப்பறனுங்க மேஸ்திரி" என்றார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

உள்ளதைச் சொல்லுங்கள் என்று கத்தினவள் நான்தான். ஆனாலும் அந்தக் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது, பொழைக்கத் தெரியாத மனுசன், இன்னும் அரைமணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. வாயைத் திறந்து சொல்லவும் முடியாத ஆத்திரம்.

சுவர் உள்ளே தள்ளி எழும்பியது. சந்து சரியாக இரண்டரை அடி ஆனது. கொத்தனார் என் டேப்பைக் கேட்டு வாங்கித்தான் அளந்தார். மறுநாள் காலையில் என் கணவர் யாரையும் கூப்பிடாமல் பட்டறைக்குப் போனார். பொழுதோடு அவரே வந்தார். சொன்ன மாதிரியே நடந்தது. ஆனால் அந்த முதலாளியும் சொல்லியனுப்பவில்லை, வேறு யாரும் வரவில்லை. பங்குனி வந்தது, சித்திரை வந்தது. தினமும் போய் உளிகளைத் தீட்டுவார், எண்ணெய் போடுவார், திரும்ப மாட்டுவார். அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என்னைக் கூப்பிட அவருக்கு ஒரு காரியமும் இருக்கவில்லை. கேட்ட கை எனக்குக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே சந்து வழியாகப் போய் வாசலில் நின்றேன். "ஏனுங்க மேஸ்திரி, ஒரு அஞ்சறைப் பெட்டி செஞ்சு குடுப்பீங்களா? பழசு மூடியே சேர மாட்டேங்குது" என்றேன். அதுதான் அந்தப் பட்டறைக்கு வந்த முதல் ஆர்டர்.

அவர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தேக்குத் துண்டை எடுத்து வைத்தார். ஸ்கேலைக் கையில் எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், சாதாவா எஃகா என்று அதில் வெட்டியிருந்த எழுத்தைப் படித்தார். திருப்பி மறுபக்கமும் படித்தார். பிறகு அதை மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"உன்ற டேப்பக் கொண்டா அம்மணி."