தலையில் மாட்டிய பை

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணைக் கேட்டு வருவார்கள். பெண்ணைப் பெற்றவள் காரில் ஏறி, மாப்பிள்ளை வீட்டைத் தேடி வவுனியா வரை போன கதையை நான் கேட்டதே இல்லை. கடைசியில் நானே போனேன். மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அவங்க அப்பாவுக்கு முழங்கால் வலிம்மா. இவ்வளவு தூரம் வர முடியாது. நாமளே ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்" என்றாள். முழங்கால் வலிக்காரரை எப்படி எங்கள் மலைக்கு ஏறிவரச் சொல்வது? எனக்கும் முழங்கால் இருக்கிறது, அதுவும் தேய்ந்ததுதான். இருந்தாலும் சரியென்றேன்.

மகளுக்குக் கண்டியில் அலுவலக வேலை. அங்கேயே வேலை பார்க்கும் வவுனியாப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். நான் மறுக்கவில்லை. அவளுடைய அப்பா போன பிறகு, நாவலப்பிட்டிக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துத்தான் அவளை வளர்த்தேன், பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தேன். அவள் நல்ல இடத்தில் வாழவேண்டும் என்பதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது.

புறப்படுகிற அன்று காலையில் என் கையிலிருந்த சீப்பை வாங்கி அவளே எனக்குத் தலை வாரிவிட்டாள். தலையில் மாட்டிய கொழுந்துக் கூடைக் கயிறு இழுத்து இழுத்து என் உச்சந்தலையில் ஒரு பட்டைக்கு மயிர் கிடையாது. என்னோடு மலையில் நின்ற பெண்கள் பலருக்கும் அப்படித்தான். பக்கத்து மயிரை இழுத்து அந்த இடத்தை மூடிக் கொண்டை ஊசி குத்தினாள். பிள்ளை ஆசையாக வாரிவிடுகிறாள் என்று பூரித்துப் போனேன். மடச்சி!

கம்பளை, பேராதனை தாண்டிக் கண்டிக்கு வந்ததும், வெறுங்கையோடு போகக் கூடாதென்று சந்தையில் பழம் வாங்கினோம். அன்னாசி, மங்குஸ்தான், ஒரு சீப்பு வாழைப்பழம். பை நல்ல கனம். கார் நிறுத்திய இடமோ தூரம். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பையின் காதைத் தூக்கி உச்சந்தலையில் மாட்டி, பையை முதுகில் விட்டு, கொஞ்சம் குனிந்து நடக்க ஆரம்பித்தேன். கையில் தூக்கினால் விரலை அறுக்கும். தலையில் மாட்டினால் எனக்குப் பாரமே தெரியாது.

பழம் விற்ற பெண் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா எந்தத் தோட்டம்?"

எங்கள் மலையகத்து ஆட்கள் எங்கே சந்தித்தாலும் முதல் கேள்வி அதுதான். பெயரெல்லாம் பிறகு. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"நாங்க கண்டிதான்."

சொல்லிவிட்டு என் தலையிலிருந்து பையைப் பிடுங்கினாள். ஊசி கழன்று மயிர் முகத்தில் விழுந்தது. அந்தப் பெண் பிறகு சிரிக்கவில்லை.

காரில் ஏறியதும், "அங்க போய் இப்படியெல்லாம் செஞ்சிடாதீங்கம்மா" என்றாள்.

"எப்படியெல்லாம்?"

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வாகனங்கள் நெருங்கி நிற்க, காரை நிறுத்திக்கொண்டு முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தபடியே சொன்னாள். "அவங்க வீட்டுல நம்ம ஊரு கண்டின்னுதான் சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. தோட்டத்தப் பத்திப் பேச வேணாம்."

"அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்டுல சொல்லாதேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப நான் என்ன வேல செஞ்சேனாம்?"

"வேலைக்குப் போகல, வீட்டுலதான் இருந்தீங்கன்னு…"

வீட்டில் இருந்தேனாம்! விடிவதற்குள் ரொட்டி தட்டி வைத்துவிட்டு, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் அட்டைக்கு இரத்தம் கொடுத்தவள் வீட்டில் இருந்தேனாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கார்க் கதவைத் திறந்து இறங்கிப் போயிருப்பேன். பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குறியாடி?"

"நாவலப்பிட்டி கண்டி மாவட்டந்தானே? இதுல என்னம்மா பொய்?"

"சட்டம் பேசாத. உங்கப்பன் அந்த மண்ணுக்குள்ளதான் கிடக்கான். அவனையும் கண்டி டவுன்ல பொதச்சதாச் சொல்லிட்டியா?"

அக்குறணை வரை நான் வாயை மூடவில்லை. எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அவள் அழுதுகொண்டே ஓட்டினாள். படிக்கிற காலத்தில் விடுதியில் கூட இருந்த பெண்கள் இவளைத் தோட்டக்காட்டுப் பிள்ளை என்று ஏளனமாகக் கூப்பிட்டதை அப்போதுதான் சொன்னாள். அத்தனை வருஷமும் என்னிடம் சொல்லவில்லை. அவளுகள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே ஒரு வழி பண்ணியிருப்பேன்.

"அவங்க உங்கள ஒரு மாதிரி பாத்தா என்னால தாங்க முடியாதும்மா."

"அவங்க பாக்குறது இருக்கட்டும். நீ என்ன இப்படிப் பாக்குறத நான் எப்படித் தாங்குறது?"

மாத்தளை தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னாள். "இது மட்டும் கெட்டுப்போச்சுன்னா எனக்கு வேற கல்யாணமே வேணாம்."

பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? தம்புள்ளையில் முகம் கழுவினேன். ஊசியை அவளிடம் கொடுத்து, "குத்து" என்றேன். மறுபடியும் மூடிவிட்டாள். வவுனியா வரை வெயில் கொதித்தது.

வீட்டு வாசலில் பையன் நின்றான். அவனுடைய அம்மா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலிக்காரர் நாங்கள் உட்கார இரண்டு கையிலும் இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு, மாமர நிழலுக்குப் படியிறங்கி வந்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் பழப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருங்கோ. களைச்சுப்போய் வந்திருப்பியள். எவ்விடத்திலயிருந்து வெளிக்கிட்டனீங்கள்?" என்று அவர் கேட்டார்.

வந்துவிட்டது. மகளின் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. அந்தத் துடிப்புக்காகத்தான் சொன்னேன்.

"கண்டிங்க. நாங்க கண்டிதான்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அம்மா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாவலப்பிட்டிப் பக்கம் தோட்டம் எண்டெல்லோ மகன் சொன்னவன்? அம்மா கொழுந்து எடுத்துத்தான் பிள்ளையைப் படிப்பிச்சவா எண்டு முதல் நாளே சொன்னவன். அதைக் கேட்டுத்தான் உங்களைப் பாக்கோணும் எண்டு எனக்கு ஆசை வந்தது. நாங்களே வாறம் எண்டுதான் சொன்னனாங்கள். பிள்ளைதான் றோட்டுச் சரியில்லை, வரவேண்டாம் எண்டவ."

உடம்பெல்லாம் எரிந்தது. தோட்டத்துக்காரி என்று சொல்லியிருந்தால் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். இப்போது பொய்க்காரியாக உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்கு வலித்த முழங்காலும் இல்லை, எங்களை நினைத்து வெட்கமும் இல்லை. அங்கே இருந்தவர்களில் என்னை நினைத்து வெட்கப்பட்ட ஒரே ஆள் நான் பெற்றவள்.

தலையிலிருந்து ஊசியைக் கழற்றி மகளின் மடியில் வைத்தேன்.

"ஆமாங்க, தோட்டந்தான். வரிசையாக் கட்டுன லயத்து வீடு. கொழுந்துதான் எடுத்தேன். றோட்டுக் கொஞ்சம் மோசந்தான், ஆனா பஸ் வரும். கல்யாணம் பேச நீங்க அங்கதான் வரணும்."

"வராமல்? கட்டாயம் வருவம்" என்றார் பையனின் அப்பா.

நல்ல மனுஷர்கள். குத்தரிசிச் சோறும் குழம்பும் வயிறு நிறையப் போட்டார்கள். திரும்பும்போது முருங்கைக்காயும் மாம்பழமுமாக ஒரு பை கட்டிக் கொடுத்தார்கள். நாங்கள் கொண்டுபோன பையைவிடக் கனம். பையன் தூக்க வந்தான், விடவில்லை. மகளும் கையை நீட்டினாள்.

"குடுங்கம்மா, நான் தூக்குறேன்."

"விடு. இது என் தல."

எல்லோரும் பார்க்கப் பையின் காதை உச்சந்தலையில் மாட்டினேன். முன்பு நினைக்காமல் மாட்டினேன், இந்தத் தடவை நினைத்தே மாட்டினேன். வாசல் படலை வரை மெதுவாகத்தான் நடந்தேன், அவசரப்படவில்லை. மகள் பின்னால் வந்தாள்.

காரில் அவள் என்னென்னவோ சொன்னாள். மன்னிச்சுக்குங்கம்மா என்றாள், தெரியாமல் செய்துவிட்டேன் என்றாள். தெரியாமலா? தலை வாரியதிலிருந்து கதை கட்டியது வரை எல்லாம் தெரிந்துதான் செய்தாள். நான் "ம்" கூடச் சொல்லவில்லை. கோபத்தை அவ்வளவு சுலபமாக இறக்கி வைக்க எனக்கு வராது.

பொழுது சாயும் நேரத்தில் அக்குறணையில் தேநீர் குடிக்க நிறுத்தினாள். கடை முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டே அவளைக் கேட்டார். "தூரப் பயணமா? புள்ள எந்த ஊரு?"

நான் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நாவலப்பிட்டி" என்றாள்.

அவ்வளவுதான் வந்தது. நாவலப்பிட்டியிலிருந்து தோட்டத்துக்கு இன்னும் நல்ல ஏற்றம் இருக்கிறது. அதையும் ஏறி வரட்டும், அதன் பிறகு பேசுகிறேன் என்று தேநீரைக் குடித்தேன்.