டூல் பெட்டியின் மூடி

என் அண்ணனுக்குக் கொழுப்பு அதிகம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான்தான். அண்ணன் லிப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே ஈர்க்குச்சி. இரண்டு மாடிக்கு நடுவே லிப்ட் சிக்கிக்கொண்டால் அந்த இடுக்கில் நுழைய அவரை விட்டால் ஆளில்லை. அப்பேர்ப்பட்டவருக்கு ஸ்கேனில் ஈரல் முழுக்கக் கொழுப்பு என்று வந்தது.

"உடம்புல ஒரு கிராம் சதை இல்ல, ஈரல்ல மட்டும் எப்படிண்ணே? உண்மையச் சொல்லு, தண்ணி போடுற தானே?"

"தொட்டதே இல்லடா."

நான் நம்பவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அதோடு விட்டிருக்கலாம். அண்ணியிடம் போய், "அவரு டூல் பெட்டிய ஒருதடவ திறந்து பாருங்க அண்ணி" என்று கொளுத்திப் போட்டேன். பெட்டியில் ஸ்பேனர்களும் கிரீஸ் டப்பாவும் அழுக்குத் துணியும்தான் இருந்தன. அண்ணி கிளறிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் குளித்துவிட்டு வந்து பார்த்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுமுன், வாசலிலேயே பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அண்ணி அழுது பார்த்தும் நிறுத்தவில்லை. எட்டு வருஷம். ஒருநாளாவது நான் போய் அந்த மூடியைச் சாத்தி, "மன்னிச்சிருண்ணே" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, பாவிக்கு.

ஈரல் சுருங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது அவர் இல்லை. டாக்டரம்மா அண்ணியையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"லிப்ட் வேலைன்னு சொன்னீங்கல்ல? கொழுப்பு ஈரலுக்குள்ள ஏறிடுது, இறங்கறதுக்குக் கதவு சரியா திறக்கல. அந்த மரபணு அவருக்குப் பிறவியிலேயே மாறியிருக்கு. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. இப்படி இருந்தா, ஒல்லியா இருக்கறவங்களுக்கும், குடிக்காதவங்களுக்கும் வரலாம்."

அண்ணி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கூடப்பிறந்தவன் என்பதால் எனக்கும் சோதித்தார்கள். அதே மரபணு, இரண்டும் மாறியிருந்தது. ஸ்கேனிலும் கொழுப்பு. டாக்டரம்மா பேனாவைத் திறந்துகொண்டு, எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"குடிப்பீங்களா?"

"தொட்டதே இல்லம்மா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள், என் கை மடியிலிருந்த சாப்பாட்டுப் பையின் ஜிப்பை முழுக்கத் திறந்துவிட்டிருந்தது.