சாரைக்குக் கூண்டில்லை

பாம்பைக் கண்டால் சிவதாணு முதலில் கம்பைத் தேடுவார். என்ன பாம்பென்று அடித்துப்போட்ட பிறகுதான் கேட்பார். கல்யாணமான நாள்முதல் கோமளவல்லி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தோவாளை வீட்டு வைக்கோல்போரில் ஒரு சாரை குடியிருந்தது. அது வந்தபின் நெல்மூட்டையை எலி தொடவில்லை. அதையாவது காப்பாற்றலாமென்று, சாரை எது, நல்லபாம்பு எது என்று நேரில் காட்டிவிட, களியக்காவிளை தாண்டி ஒரு மிருகக்காட்சிசாலைக்கு அவரைக் கூட்டிப்போனாள். அங்கே கண்ணாடிக்குக் கண்ணாடி வெளிநாட்டுப் பாம்பு.

“சாரை எங்க இருக்கு?” என்று கண்ணாடி துடைத்தவனிடம் கேட்டாள்.

“அத வச்சா ஆரு நிப்பா, அக்கா? வீட்டுக்குப் பின்னால கெடக்கதப் பாக்க எவன் டிக்கெட் எடுப்பான்?”

சிவதாணு அனகோண்டா முன்னால் சட்டையைக் கழற்றாத குறையாகப் பக்தியோடு நின்றார்.

மறுவாரம் சாரை முற்றத்துக்கு வந்தது. அவள் அடுக்களையிலிருந்து ஓடிவருவதற்குள் கம்பு இறங்கிவிட்டது.

“ஏட்டி, இது என்ன பாம்பு?”

“சாரையாக்கும். விஷமே கெடையாது.”

“அதுக்கு இணை நல்லபாம்புல்லா? இது கெடந்தா அது தேடி வரும்.”

“இத்தன வருசமா எது தேடி வந்துது?”

“அவ்வளவு பெரிய எடத்துல இதுக்கொரு கூண்டு இல்ல, பாத்தியா? மதிப்புள்ள சீவன்னா வச்சிருக்க மாட்டானா?”

கோமளவல்லி கம்பைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். மறுநாளே அவர் வேறொன்று வெட்டிக்கொண்டார்.

இப்போது வைக்கோல்போரில் எலி இருக்கிறது. நெல்மூட்டைகள் படுக்கையறையில் இருக்கின்றன.