ஐந்தரை மணி போன்

போன வியாழக்கிழமை வளர்மதி ஸ்டாஃப் ரூமுக்கு ரிசல்ட் சொல்ல வந்தாள். நாலு பேப்பர் பாஸ், ஒன்று அரியர். அரியர் வைத்த ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை!

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். வளர்மதி என் இரண்டாம் ஆண்டு மாணவி. கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். போன செமஸ்டரில், பரீட்சைக்கு நாற்பது நாள் இருக்கும்போது திடீரென்று நின்றுவிட்டாள். சாமை அறுக்கப்போன இடத்தில் அம்மா வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. சமையல், தம்பி தங்கை, ஆடுகள் – எல்லாம் இவள் தலையில்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆப்சென்ட் போட்டேன்... அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, லைப்ரரி படிக்கட்டில் திவ்யா போனும் காதுமாக உட்கார்ந்திருந்தாள். வளர்மதியின் வகுப்புத்தோழி. கருணாபுரத்துப் பெண். முந்தின நாளும் அதே இடம், அதே நேரம். நானும் நினைத்தேன்... நீங்கள் இப்போது நினைப்பதைத்தான்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தேவை நெகிழ்ச்சி பாடத்தை வாசித்துக்கொண்டிருக்கிறாள்!

விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. டிசி வாங்க என்ன செய்யவேண்டும் என்று வளர்மதி மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். திவ்யா அதற்குப் பதிலே போடவில்லை. போன் போட்டு அன்றைய பாடத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். வளர்மதியின் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு வளைவில்தான் சிக்னல் கிடைக்குமாம். தினமும் ஐந்தரைக்கு அவள் அங்கே வந்து நிற்பாள். மூன்று வாரமாக நடக்கிறது இது.

எதற்கம்மா இவ்வளவு சிரமம் என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் இயர்ல எங்கப்பா செத்தப்ப ஒரு மாசம் நான் வரல மிஸ். வூட்லயே படுத்துக்கினு இருந்தேன். யார்னா ஒருத்தர் போன் பண்ணுவாங்களானு பாத்துக்கினே இருந்தேன். யாரும் பண்ணல."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அந்த ஒரு மாதமும் அவளுக்கு ஆப்சென்ட் போட்டது யார்? நான்தான். கூசிப்போய் நின்றேன்.

மறுநாளே பிரின்ஸிபாலிடம் பேசி, வருகை குறைந்தாலும் வளர்மதி பரீட்சை எழுத அனுமதி வாங்கினேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சித்தி வந்தார். வளர்மதி மலையிறங்கி வந்து, திவ்யா வீட்டில் தங்கி, எல்லாப் பரீட்சையும் எழுதினாள்.

அந்த அரியர்? புள்ளியியல். ஒரே கட்டமும் கோடுமாக இருப்பதைப் போனில் எப்படி வாசிப்பது என்று கூட வந்திருந்த திவ்யாதான் வருத்தப்பட்டாள். வளர்மதிக்கு அந்தக் கவலையே இல்லை.

"அடுத்த செம்ல எழுதிக்கலாம் மிஸ். சாய்ங்காலம் இவ போன் வரும்ன்ற நெனப்புலதான் எனக்குப் பகலே ஓடுச்சி."

தன்னம்பிக்கை பற்றி மைக் பிடித்து எத்தனை முறை பேசியிருப்பேன்! ஒரு பிள்ளைக்காவது போன் பண்ணியிருப்பேனா? இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு உறைக்காததை உறைக்கவைத்த திவ்யாவுக்கு நன்றி.

இப்போதெல்லாம் இரண்டு நாள் யார் வராவிட்டாலும் கூப்பிட்டுவிடுகிறேன். இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு மாணவனுக்குப் பதறிப்போய் போன் போட்டால், மாமா கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறான்.

நிதானமாகச் சாப்பிட்டுவிட்டே வாப்பா என்றேன்!