சிவப்பில் சாய்ந்த ஏழு வரிகள்

எங்கள் கல்லூரி லேபில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருந்தது. அதன் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினால் போதும், நாம் எழுதிய புரோகிராமை நிறம் பிரித்து வலைப்பக்கமாக ஆக்கித் தரும் கருவி ஒன்று உண்டு. கட்டளைச் சொற்கள் நீலம், எண்கள் ஊதா, குறிப்புகள் மட்டும் சிவப்பில் சாய்வெழுத்து. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் புராஜெக்ட் முழுவதையும் அப்படி நிறமேற்றித்தான் ஒப்படைப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

புராஜெக்ட், சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்காக எழுதியது. அங்கே போர்மேனாக இருந்தவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா. வெடிமருந்து கலக்கும் ஒவ்வோர் அறைக்கும் இத்தனை கிலோதான் என்று வரம்பு உண்டு. மறுநாள் எந்த அறைக்கு எவ்வளவு என்று மாமா சாயங்காலமே எடையைத் தட்டுவார். சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் காலையில், வெயில் ஏறுமுன், குடோனில் மருந்தை நிறுத்துக் கொடுப்பார்கள். எடை வரம்பைத் தாண்டினால் கம்ப்யூட்டர் கீச்சென்று கத்திவிட்டு, சீட்டு அடிக்காமல் நின்றுவிடும்.

அந்தக் கத்தலில்தான் வினை தொடங்கியது. முதல் தடவை கத்தியபோது ஆபீசில் லேபிள் எண்ணிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் செருப்புக்கூடப் போடாமல் கேட் வரைக்கும் ஓடிவிட்டார்கள். பட்டாசுக் கம்பெனியில் சத்தம் கேட்டால் என்னவென்று நின்று பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. முதலில் ஓட்டம், அப்புறம்தான் கேள்வி.

“ஏத்தா, இந்தக் கீச்சுச் சத்தத்தை எடுத்துரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார் மாமா. “சீசன் நேரம். நாளைக்கு ஆளுக வேலைக்கு வர மாட்டேம்பாக.”

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சத்தம் போடும் வரியை அழிக்க மனம் வராமல், அதைக் குறிப்பாக மாற்றினேன். சாய்கோடும் நட்சத்திரமும் போட்டுத் தொடங்கினால், அதற்குப் பின் வருவதைக் கம்ப்யூட்டர் வெறும் குறிப்பென்று தாண்டிப் போய்விடும். நட்சத்திரமும் சாய்கோடும் போட்டு அதை முடித்தும் வைக்க வேண்டும். பெரிய எடை ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பிரிண்டரில் சீட்டு வருகிறதா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் லேபில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமை நிறமேற்றும் கருவிக்குக் கொடுத்தேன். பக்கம் திறந்ததும் பக்கத்திலிருந்த தோழி எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, நடுவுல குங்குமத்தைக் கொட்டுன மாதிரி இருக்கு?”

ஏழு வரிகள் மொத்தமும் சிவப்பு. ‘வரம்பைத் தாண்டியதா’ என்று கேட்கும் வரி நீலத்தில் நிமிர்ந்து நிற்கிறது. தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்கிற பகுதி முழுக்கச் சாய்ந்து கிடக்கிறது. குறிப்பைத் தொடங்கிய நான் அதை முடிக்கவே இல்லை. கீழே எப்போதோ எழுதிவைத்த வேறொரு குறிப்பின் முடிவில் போய்த்தான் அது முடிந்திருந்தது. அதனால் எங்கும் பிழை என்று காட்டவும் இல்லை. கம்பெனியில் இருந்த பழைய எடிட்டரில் எல்லா எழுத்தும் ஒரே நிறம். சத்தத்தை எடுக்கிறேன் என்று தடையையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். எத்தனை கிலோ தட்டினாலும் இப்போது சீட்டு வரும்.

கருவிதான் தப்பாக நிறம் போட்டதோ என்று அதே வரியை மறுபடி தட்டினேன். அதே ஏழு.

ஆபீசுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை அடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வழியில் ஆமத்தூரில் ஆள் ஏற்ற பஸ்ஸை நிறுத்தியபோது கண்டக்டரிடம், “அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்” என்றேன். “எல்லாருக்கும் சீக்கிரந்தாம்மா” என்றார் அவர். ஐந்து மணிக்கு மாமா சீட்டு அடிப்பார். சிவகாசியில் இறங்கியபோதே மணி ஐந்து ஆகிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா கையில் சீட்டுக்கட்டோடு குடோன் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

“மாமா, அதைக் குடுக்காதீக.”

“ஏன், மார்க்கைக் குறைச்சிட்டாகளா?”

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“தாண்டுனா அடிக்காதுன்னியே?”

“இப்ப எம்புட்டுப் போட்டாலும் அடிக்கும் மாமா.”

பக்கத்திலிருந்த அட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். “ஏழாம் நம்பர் ரூமுக்கு ஆர்டர் நெருக்கடி. தாண்டுனா மெஷினே நிறுத்தும்னு நேத்துக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். நிறுத்தலை. சரி, இடம் இருக்கு போலன்னு இன்னைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.”

அன்று காலைக்கான சீட்டை எடுத்து இருவரும் கையால் கூட்டினோம். ஏழாம் அறை வரம்பைத் தாண்டியிருந்தது. கையில் இருந்த மறுநாள் சீட்டு அதையும் தாண்டியிருந்தது. மாமா மொத்தக் கட்டையும் கிழித்தார்.

“இன்னைக்குப் பொழுது நல்லபடியாப் போயிருச்சு. யார்ட்டயும் மூச்சு விடாத.”

ஏழாம் அறையில் மருந்து கலக்குபவர் அப்போது தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளிப்பொடி. “என்ன தாயி, படிக்கிற பிள்ளைக்கு இங்கன என்ன சோலி?” என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். “அதான பார்த்தேன். குவியல் பெருசா இருக்கேன்னு காலைல குடோன்ல கேட்டேன். மெஷினு அடிச்ச சீட்டு, தப்பு வராதுன்னாக.” பிறகு மாமாவிடம் திரும்பினார். “நாளைக்கு?”

“கையால எழுதித் தாரேன்.”

“எழுதுங்க. நிறுக்கும்போது நீங்களும் பக்கத்துல நில்லுங்க. இந்தப் பிள்ளையும் நிக்கட்டும்.”

அன்றைக்கு மாமா வீட்டிலேயே தங்கினேன். காலையில் தராசுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றோம். ஏழாம் அறைக்காரர் ஒரு தடவைகூடத் தராசைப் பார்க்கவில்லை. நிறுத்து முடிக்கும்வரை எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.