நாங்கள் வளர்ந்தால் அவங்களும் வளருவாங்கள்

கெதியாக லெவல் ஏறுகிற விளையாட்டுகளை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. கொம்பியூட்டருக்குள் ஒரு பெரிய உலகத்தைத் திறந்துவிட்டு, காடு, மலை, ஊர், சந்தை என்று எங்கே வேண்டுமானாலும் போ என்பார்கள். பாதி உலகம் பார்க்க முதலே எங்கள் ஆள் வளர்ந்துவிடுவான். ஒரு தட்டுத் தட்டினால் ஓநாய் விழும், இரண்டு தட்டினால் அரக்கன் விழுவான். அதற்குப் பிறகு அங்கே என்னத்துக்குத் திரிவது? மெல்ல மெல்ல ஏற விடுகிற விளையாட்டும் கரைச்சல்தான். ஒரு லெவல் ஏற நாள் முழுக்கக் காட்டுப்பன்றி அடிக்க வேண்டும். கந்தோர் வேலை போதாதென்று வீட்டிலும் வந்து அதையா செய்வது?

இதற்கு மருந்து என்று சில விளையாட்டுகளில் ஒரு வேலை செய்திருப்பார்கள். நாங்கள் வளர வளர எதிரிகளும் கூடவே வளருவார்கள். தொடக்கத்தில் பாலத்தடியில் கிழிந்த சட்டையோடு, கையில் ஒரு பொல்லோடு மறித்த கள்ளன், நாங்கள் நாற்பதாம் லெவலுக்கு வந்து அதே பாலத்தைக் கடக்கிறபோது பொன் கவசம் போட்டுக்கொண்டு நிற்பான். கேட்பது அதே பத்துக் காசு. அந்தக் கவசத்தை விற்றாலே அவன் பரம்பரை இருந்து சாப்பிடலாம், அவனுக்கு ஏன் களவு? விசர்த்தனம். செற்றிங்ஸில் போய் இதை நிற்பாட்டவும் வசதி இருக்கிறது. ஆனால் நிற்பாட்டினால் விளையாட்டு சப்பென்று போய்விடும், அதனால் நான் நிற்பாட்டுவதில்லை.

நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் செய்யாத, வேலணையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கணக்குப் பார்க்கிற பெண் இப்படிக் கதைப்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் இந்தத் தீவில், மடத்துவெளியில் எங்கள் வீட்டைச் சுற்றி இருக்கிற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. ஆட்கள் கனடாவிலும் பிரான்சிலும். ஆறு மணிக்குப் பிறகு கதைக்க ஆள் வேண்டுமென்றால் நான் கொம்பியூட்டருக்குள்தான் போக வேண்டும்.

பூட்டிக் கிடக்கிற அந்த வீடுகளெல்லாம் மாபிள் பதித்த மாடி வீடுகள். ஆட்கள் இருக்கிற எங்கள் வீட்டுக்குச் சுவர் பூசவில்லை. காசு இல்லாமல் இல்லை. என் சம்பளம் இருந்தது, அப்பாவின் கடையும் ஓடியது. அப்பா விடமாட்டார், அவ்வளவுதான். றோட்டுக்கரையில் இருக்கிற அந்தக் கடை ஒற்றை அறை, பலகை போட்டுப் பூட்டுகிற கடை. பருப்பு, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி. குளிர்ச் சோடா கேட்டு நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனம் இறங்கும், ஒரு பிரிட்ஜ் வைத்தால் என்ன என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெயர்ப் பலகை கிடையாது. எனக்குப் பதவி உயர்வோடு வவுனியாவில் வேலை வந்தபோது, "உள்ளது காணும், இதுவே போதும்" என்றார். ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. கொழும்பில் கடைத்தொகுதி வைத்திருக்கிற ஆட்கள். "பெரிய இடம். எங்களுக்குச் சரிவராது" என்று தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் அழுதேன், கத்தினேன், ஒரு கிழமை சாப்பாட்டுக் கோப்பையைத் தொடவில்லை. ஒன்றும் அசையவில்லை.

ஏன் அப்படி என்று அம்மாதான் சொன்னார், அப்பா இல்லாத நேரம், குசினிக்குள் வைத்து.

அப்பாவும் சித்தப்பாவும் தெற்கில் ஒரு ரவுணில் கடை வைத்திருந்தவர்கள். இந்தத் தீவில் அந்தக் காலத்து ஆம்பிளைகள் பாதிப்பேர் அப்படித்தான். முதலில் சின்னக் கடை. தமிழரை அடித்த ஒரு கலவரத்தில் பத்துப் பதினைந்து பேர் வந்து எரித்துவிட்டுப் போனார்கள். அண்ணனும் தம்பியும் ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டு, திரும்பவும் போய் அதே இடத்தில் கடை போட்டார்கள். கடை பிடித்தது. அப்பா பக்கத்துக் கடையையும் எடுத்து, நடுச்சுவரை உடைத்து, வாசலில் லைற் போட்ட பெயர்ப் பலகை வைத்தார். சித்தப்பா வேண்டாம் என்றாராம். "அண்ணை, உள்ளது காணும். கண்ணிலை படுற மாதிரி வேண்டாம்." அப்பா கேட்கவில்லை. அடுத்த முறை பதினைந்து பேர் வரவில்லை. லொறியில் வந்தார்கள், ஒழுங்கையை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். சித்தப்பா கடைக்குள் படுத்திருந்தார்.

"தான் பெருப்பிச்சதாலைதான் அவங்களும் பெரிசா வந்தவங்கள் எண்டு நினைக்கிறார், பிள்ளை" என்றார் அம்மா. "தம்பியைத் தான்தான் விழுங்கினது எண்டு."

சித்தப்பா அந்த நெருப்பில் போன நாளிலிருந்து அப்பாவுக்கு நித்திரை இல்லை. கட்டிலில் படுப்பதே இல்லை. விறாந்தையில் கேற்றைப் பார்த்தபடி ஒரு கதிரை, அதில் இருந்து கண்ணை மூடுவார், ஒரு நாய் குரைத்தால் எழும்புவார். வயது போகப் போகப் பிறசர் ஏறியது. நித்திரை கொள்ளாவிட்டால் மருந்தும் கேளாது, ஒருநாளைக்கு விழுத்திவிடும் என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். எப்படிப் படுக்க வைப்பது? குழந்தைப்பிள்ளையா, தொட்டிலில் போட்டு ஆட்ட?

டொக்டர் சொன்ன பிறகு பின்நேரங்களில் கடையைப் பூட்டுவித்தேன். வேலை இல்லாமல் போன அப்பா என் பின்னால் வந்து நின்று கொம்பியூட்டரைப் பார்க்கத் தொடங்கினார். இரண்டாம் நாள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உதுக்குள்ளை கடை இருக்கோ?"

"இருக்கப்பா. சாமான் வாங்கலாம், விக்கலாம்."

"எங்கை, காட்டு பாப்பம்."

அவருக்கென்று ஓர் ஆளை உருவாக்கிக் கொடுத்தேன். அந்த ஆள் ஒருவனையும் வெட்டப் போகவில்லை. காட்டுக்குள் போய் மூலிகை பிடுங்குவான், காளான் பொறுக்குவான், சந்தையில் கொண்டுபோய் விற்பான். ஒரு ஊரில் உப்பு மலிவு, மற்ற ஊரில் விலை என்பதை நான் இத்தனை வருஷம் விளையாடியும் கவனிக்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. பாலத்தடிக் கள்ளன் மறித்தால் பத்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். சத்திரத்தில் ஓர் இளந்தாரி, உன்னோடு நானும் வருகிறேன், சண்டையில் கைகொடுப்பேன் என்று கேட்பான். விளையாடுகிற எல்லோரும் அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்பா திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். "கூட ஒருத்தரும் வேண்டாம்" என்றார். பிறகு அந்தச் சத்திரத்துப் பக்கமே போகவில்லை.

"கிழவனுக்கு இப்பதான் விளையாட்டுக் காலம்" என்று அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பார். அப்பா காதில் வாங்கமாட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்த நாட்கள் அவை. அம்மாவும் நானும் குசினிக்குள் நின்று அதைப்பற்றிக் கதைத்துக்கொண்டோம்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அந்த விளையாட்டில் சேர்த்த அனுபவம் சும்மா லெவலாக மாறாது. ஆள் ஒரு கட்டிலில் படுத்து நித்திரை கொண்டு எழும்பினால்தான் லெவல் ஏறும். அப்பாவின் திரை மூலையில் ஓர் அம்புக்குறி மின்னிக்கொண்டே இருந்தது. ஏறு, ஏறு என்று அது கூப்பிடுகிறது, அவர் முதலாம் லெவலிலேயே நிற்கிறார். இத்தனை ஊர் சுற்றி, இத்தனை சாமான் விற்று, முதலாம் லெவல். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அவனை ஒருக்காப் படுக்க விடுங்கோ. எத்தினை லெவல் ஒரேயடியா ஏறுவான் தெரியுமோ?"

"வேண்டாம்."

"ஏன்?"

"உன்ரை ஆள் போகேக்கை பாத்தனான். பாலத்தடியிலை நிண்டவன் என்ன மாதிரி நிண்டவன். நாங்கள் வளர்ந்தா அவங்களும் வளருவாங்கள். இவன் இப்பிடியே இருக்கட்டும்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. வீட்டுச் சுவரைப் பூச விடவில்லை, என்னை வவுனியாவுக்குப் போக விடவில்லை, கடைசியில் கொம்பியூட்டருக்குள் இருக்கிற ஒரு பொம்மையைக்கூட வளர விடமாட்டேன் என்கிறார். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வரும் என்று எழும்பிப் போய்விட்டேன்.

கண்ணில் வெள்ளை படர்ந்திருந்ததால் அப்பாவுக்குத் திரை இருட்டாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை வெளிச்சத்தைக் கூட்டித் தரச் சொன்னார். செற்றிங்ஸைத் திறந்து தேடிக்கொண்டிருந்தேன்.

"உதென்ன, உந்த நீலப் பொத்தான்?"

"அதோ? அதுதான் எதிரியளும் கூட வளருற ஏற்பாடு. நான்தான் போட்டு வைச்சிருக்கிறன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"நீ போட்டு வைச்சிருக்கிறியோ?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

"இல்லாட்டி சப்பெண்டு இருக்கும் அப்பா. சுவாரசியத்துக்குத்தான்."

"உதை நிப்பாட்ட ஏலுமோ?"

"ஏலும். ஒரு அமத்துத்தான். பிறகு நீங்கள் எவ்வளவு வளர்ந்தாலும் அவங்கள் இருந்த மாதிரியே இருப்பாங்கள்."

"ஒரு அமத்து" என்றார்.

நான் அமத்திக் காட்டினேன். நீலம் சாம்பலாக மாறியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, நான் வளர்ந்ததாலை அவங்கள் வளரேல்லை" என்றார் கடைசியில். "ஆரோ போட்டு விட்டவங்கள்."

அவர் விளையாட்டைப்பற்றிக் கதைக்கவில்லை என்று எனக்கு விளங்கியிருந்தது.

"ஒருத்தர் நினைச்சிருந்தாலும் நிப்பாட்டியிருக்கலாம், என்ன பிள்ளை? ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. அவன் படுத்திருந்தவன்."

சித்தப்பாவைப்பற்றி அப்பா என்னிடம் சொன்ன முதல் வசனம் அதுதான். எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தார். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நித்திரை. பயந்துபோன அம்மா மூக்கடியில் கை வைத்து மூச்சு வருகிறதோ என்று பார்த்துவிட்டு வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாரம் இறங்கிவிட்டது, இனி மனிசன் தேறிவிடுவார் என்று அம்மாவிடம் சொன்னேன். எவ்வளவு தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

அவர் தேறவில்லை. நித்திரை வந்தது, பிறசரும் இறங்கியது, ஆனால் சிரிப்புப் போய்விட்டது. கொம்பியூட்டர்ப் பக்கம் வரவே இல்லை. பிழை தன்னுடையது என்று இருந்தவரைக்கும் அதைச் சுமக்க அவருக்குத் தெரிந்திருந்தது. சின்னதாக இருந்து, சின்னதாக வைத்திருந்து, அதற்குக் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார். இப்போது கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறபோது சோற்றைப் பிசைந்தபடியே இருப்பார். என்னப்பா என்றால், ஒண்டுமில்லை என்பார்.

பிறகு ஒரு காலமை. நான் கந்தோருக்குப் போக வெளிக்கிட்டு, பஸ்ஸுக்காகக் கடைவாசலில் நின்றேன். அப்பா கடை திறந்துகொண்டிருந்தார். ஒரு பலகையைக் கழற்றிக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, முதல்தரம் எரிக்கேக்கை கடை சின்னன்."

"ஓமப்பா. அம்மா சொன்னவ."

"இதிலும் சின்னன். பலகைக் கடை. பேர்ப் பலகையும் இல்லை." "அப்பவும் வந்தவங்கள்தானே."

"ஓம்."

"அப்ப சின்னனா இருந்தும் பிரியோசனம் இல்லை. எப்பிடியெண்டாலும் வந்திருப்பாங்கள்."

எனக்குப் பின்னால், மதிலுக்கு மேலால் தெரிந்த பூசாத வீட்டுச் சுவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"உன்னை நான் சும்மா மறிச்சுப்போட்டன், பிள்ளை."

இருபது வருஷமாக ஒவ்வொரு சண்டையிலும் நான் அவருக்கு முன்னால் கத்திய வசனம் அதுதான். என்னைச் சும்மா மறிக்கிறீங்கள். அதை அவர் வாயால் ஒருநாளைக்குக் கேட்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன். கேட்டபோது, அதை அவர் திருப்பி எடுத்துக்கொண்டால் போதும், பழையபடி என்னோடு சண்டைக்கு வந்தால் போதும் என்றிருந்தது. "இல்லையப்பா" என்றேன். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. ட்றைவருக்கு என்னைத் தெரியும், கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனான். நான் அப்பாவின் கையிலிருந்த பலகையை வாங்கிச் சுவரோடு சாத்தி வைத்தேன்.