கடைசிக் கூட்டுச் சிங்கம்

எங்கள் வீட்டில் சிங்கத்தை நேரில் பார்த்தவர்கள் இரண்டே பேர்: நானும் வாப்பாவும். அப்படி ஒரு சிங்கம் இருக்கவே இல்லை என்பது சின்ன விஷயம்.

எனக்கு அப்போது எட்டு வயது. நிலாவெளி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்மண் பாதையில் யாரோ ஒருவர் பத்துப் பன்னிரண்டு கூடுகளைக் கட்டி, ரோட்டோரம் 'மிருகக்காட்சிசாலை' என்று போர்ட் நட்டிருந்தார். போர்டில் ஒரு சிங்கம். பெயின்ட் அடித்தவர் சிங்கத்தைக் கண்டதில்லை போல, அதற்கு மனிதப் பல். பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்த நாள் முதல் இறக்கக்கண்டியில் எங்கள் வீட்டு ஆட்களை நான் நிம்மதியாக இருக்க விடவில்லை.

வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். பத்து எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். உம்மா ஒரே பிடியாக மறுத்தார்.

"டொக்டர் படி ஏற வேணாம் எண்டவர். இவளுக்குச் சிங்கம் கேக்குது!"

"புள்ள ஆசப்படுது. ஓட்டோவில போய் ஓட்டோவில வாறதுதானே," என்று வாப்பா முடித்துவிட்டார்.

வாப்பாவின் வேலை கரைவலைக்கு மீன் பார்த்துச் சொல்வது. கரையில் நின்று தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மீன்கூட்டம் தெரிந்தால் தோளில் கிடக்கும் சிவப்புத் துவாயை வீசுவார். அது காட்டும் பக்கம் தோணிக்காரர்கள் வலையை வளைப்பார்கள். அந்தக் கரையில் ஒரு சட்டம் உண்டு. பார்த்தவர் கண்டேன் என்றால் வலை இறங்க வேண்டும். வெறும் வலை வந்தாலும் அவரை யாரும் ஏசக்கூடாது. ஏசினால் அடுத்த முறை கண்டாலும் வாய் திறக்க மாட்டார்.

மிருகக்காட்சிசாலை வாசலில் ஒரு வேப்பமரத்தின் கீழ் காவல்காரர் பிளாஸ்டிக் கதிரை ஒன்று போட்டுக் கொடுத்தார். வாப்பா அதில் அமர்ந்துகொண்டு, கடற்கரை மாதிரியே துவாயை வீசி எங்களை வேலைக்கு அனுப்பினார். ராத்தா வலப்பக்கம், தங்கச்சியான நான் இடப்பக்கம். பார்த்ததை ஓடிவந்து சொல்ல வேண்டும்.

"வாப்பா, மயில்! ஆனா வாலில்ல."

"முள்ளம்பன்டி வாப்பா. செத்த மாதிரிக் கிடக்கு."

"வாப்பா, ஈமு ராத்தாட செருப்பக் கொத்திட்டு!"

"விடு, அதுக்கும் பசிதானே," என்றார் வாப்பா.

கடைசிக் கூட்டுக்கு நான் போனேன். கொஞ்சம் வைக்கோல், காய்ந்துபோன தண்ணீர்ச் சட்டி, பின்னால் இருட்டாக ஒரு சீமெந்துக் குகை. சிங்கம் இல்லை. வேறெங்கேயும் இல்லை. நெஞ்சு வருத்தக்கார மனிதரை நான் அடம்பிடித்து இழுத்து வந்தது ஒரு வாலில்லாத மயிலைக் காட்டத்தான். திரும்பி ஓடும்போதே என் வாய் தானாக ஒரு முடிவெடுத்துவிட்டது.

"வாப்பா! சிங்கம் இரிக்கு! கடைசிக் கூட்டில!"

"பச்சப் பொய்," என்றாள் ராத்தா. "அது வெறுங்கூடு. நான் பாத்தனான்."

"உள்ளுக்குப் படுத்திரிக்கு. உனக்குக் கண் தெரியாது!"

இதைக் கேட்டு வாப்பா கதிரையில் இருந்தபடியே சந்தோஷப்படுவார் என்பதுதான் என் திட்டம். வாப்பா எழும்பிவிட்டார்.

"ஏலாத மனுஷன், எங்க போறீங்க?" என்று உம்மா கத்தினார்.

"கண்ட ஆள் கண்டன் எண்டா வலை இறக்கத்தானே வேணும்."

முள்ளம்பன்றியிடம் ஒரு தடவை நின்றார், ஈமுவிடம் ஒரு தடவை. காவல்காரர் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். யா அல்லாஹ், ஒரு சிங்கத்தை அனுப்பு, ஏலாவிட்டால் ஒரு பெரிய பூனையையாவது அனுப்பு என்று நான் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

வாப்பா கடைசிக் கூட்டின் கம்பிவலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்ப்பது போல் கண்ணைச் சுருக்கி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க சிங்கம்?" என்றார் உம்மா.

"அக்கா, இது சும்மா கூடு..." என்று காவல்காரர் ஆரம்பித்தார்.

"மெல்லக் கதையுங்க," என்றார் வாப்பா. "எழும்பிடும்."

காவல்காரர் வாப்பாவின் உதட்டைப் பார்த்தார். நாவல்பழம் தின்றது போல் அது நீலமாக இருந்தது. கதிரையைச் சத்தமில்லாமல் வாப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

"ஓம் நானா. இப்பதான் திண்டுட்டுப் படுத்தது," என்றார் வாப்பாவிடம்.

வாப்பா கதிரையில் சாய்ந்து என்னைக் கூப்பிட்டார். "காதக் குடுத்துக் கேளு மகள். மூச்சு விடுறது கேக்குதா?"

கேட்டது. கரகரவென்று, இழுத்து இழுத்து விடும் மூச்சு. பொய்யைச் சொன்ன நானே பின்னால் நகர்ந்து வந்து வாப்பாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டேன். கூட்டை விட்டுத் தள்ளி வந்தும் சத்தம் குறையவில்லை, கூடியது.

திரும்பும்போது ஓட்டோவில் உம்மாவின் கை என் காதைத் தேடி வந்தது. வாப்பா துவாயை லேசாக உயர்த்தினார். கடற்கரையில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம்.

அந்தப் பருவம் சிவப்புத் துவாய் மாமாவின் தோளுக்குப் போனது. வாப்பா வீட்டிலேயே படுத்திருந்தார். பள்ளிக்கூடத்திலோ நான்தான் ராணி. சிங்கம் எப்படி மூச்சு விடும் என்று இடைவேளையில் செய்து காட்டுவேன். திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

ஒரு பின்னேரம் வீட்டு முற்றத்தில் நின்று அதையே பழகிக்கொண்டிருந்தேன். குசினியிலிருந்து உம்மா கையில் மாவோடு ஓடிவந்து, நேராக வாப்பாவின் அறைக்குள் போனார். வாப்பா நல்ல தூக்கம். வெளியே வந்து என்னைக் கண்ட உம்மா ஏசவில்லை. மாவுக் கையோடு அப்படியே வாசற்படியில் அமர்ந்துவிட்டார்.

உம்மாவே பயந்துவிட்டார், என் சிங்கம் அவ்வளவு அச்சொட்டு என்று எனக்கு ஒரே பெருமை.